கட்டுவதைச் சொன்னீர்கள், பிரிப்பதை யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், வீடு மாறுவதற்கு 30 நாள் முன்பிருந்தே தயாராவது எப்படி என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். முதல் வாரம் வேண்டாததைக் கழிப்பது, இரண்டாம் வாரம் அட்டைப்பெட்டி சேர்ப்பது, மூன்றாம் வாரம் கட்டுவது, நான்காம் வாரம் மிச்சத்தைக் கட்டுவது என்று எழுதியவர் அழகாகக் கட்டம் கட்டியிருந்தார். தப்பென்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் லாரி கிளம்புகிற நிமிஷத்தோடு அவருடைய அட்டவணை முடிந்துவிட்டது. படித்து முடித்ததும், "இவர் எத்தனை தடவை வீடு மாறியிருப்பார்?" என்று என் கணவரிடம் கேட்டேன். "ஒரு தடவை. அதையும் அவங்க அம்மா பார்த்துக்கிட்டிருப்பாங்க" என்றார்.

நாங்கள் 9 தடவை மாறியிருக்கிறோம். வேலை மாற்றம், வீட்டுக்காரருக்கே வீடு தேவைப்பட்டது, குடும்பம் பெருத்தது, பிறகு சுருங்கியது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். நடுவில் இரண்டு தொழிற்சாலைகளில் சேர்த்து 26 வருடம் ஸ்டோரில் வேலை பார்த்தேன். நட்டு, போல்ட்டு, பேரிங், பெல்ட்டு என்று ஆயிரக்கணக்கான உருப்படிகளுக்குக் கணக்கு வைத்துப் பழகிய கை இது. சேர்ந்த புதிதில் என் மேலாளர் ஒன்று சொன்னார். சாமானை உள்ளே வைப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ராத்திரி ஷிஃப்டில் மெஷின் நின்றுபோய் ஒருவன் ஓடி வந்து கேட்கும்போது இரண்டு நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பவர்தான் ஸ்டோர் கீப்பர். வீடு மாறும்போதெல்லாம் அந்தப் பேச்சு ஞாபகம் வரும். புது வீட்டில் ராத்திரி பத்தரை மணிக்கு, பல்பு இல்லாத குளியலறை வாசலில் நின்றுகொண்டு, "டார்ச் எந்தப் பெட்டியில இருக்கு?" என்று யாராவது கேட்பார்கள். அதற்குப் பதில் தெரிந்தால் நீங்கள் தயாராகி வந்திருக்கிறீர்கள். தெரியவில்லை என்றால் 30 நாள் உழைத்தும் வெறுமனே மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

கட்டுரையில் இன்னொரு வரி. துணையின் மரணத்துக்கு அடுத்தபடியாக மனத்தை வாட்டுவது வீடு மாறுவதுதான் என்கிற மாதிரி எழுதியிருந்தார். இதைப் பல இடங்களில் படித்துவிட்டேன். 1967ல் ஹோம்ஸ், ராஹே என்று இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களுக்குப் புள்ளி போட்டு ஒரு பட்டியல் தந்தார்கள். துணையின் மரணத்துக்கு 100, மணமுறிவுக்கு 73. வீடு மாறுவதற்கு வெறும் 20. விடுமுறையில் போவதற்கே 13 கொடுத்திருக்கிறார்கள்! ஆனால் வீடு மாறுவது தனியாக வருகிற விருந்தாளி கிடையாது. அதே பட்டியலில் வேறு வகை வேலைக்குப் போவது 36, வாழும் சூழ்நிலை மாறுவது 25, பள்ளிக்கூடம் மாறுவது 20. எங்கள் மூன்றாவது வீட்டுக்குப் போனபோது இவை எல்லாமே ஒன்றாக வந்தன. கூட்டினால் 101. ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாகக் கூட்ட வேண்டிய கணக்கை நான் குடும்பத்துக்கே சேர்த்துக் கூட்டுவது அந்த மருத்துவர்களுக்குப் பிடிக்காது. ஆனாலும் அன்றைக்கு எங்கள் வீட்டில் அடித்த புழுக்கத்துக்கு 101 சரியான அளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஐந்தாவது வீட்டுக்குப் போனபோது என் மாமியாருக்கு வயது 81. பார்வை மங்கல். முந்தைய வீட்டில் ஆறு வருடம் இருந்தோம். அங்கே கட்டிலிலிருந்து இறங்கி இடது பக்கம் திரும்பி ஏழு அடி வைத்தால் குளியலறைக் கதவு. விளக்கே போடாமல் போய்வருவார். புது வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி, கட்டிலை எங்கே இடம் இருந்ததோ அங்கே போட்டுவிட்டு அலுப்பில் தூங்கிவிட்டோம். இரண்டு மணி வாக்கில் 'டங்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய் விளக்கைப் போட்டால், பீரோ முனையைப் பிடித்துக்கொண்டு நெற்றியைத் தடவியபடி நிற்கிறார். இடது பக்கம் திரும்பி ஏழு அடி வைத்திருக்கிறார். நல்லவேளை, வீக்கத்தோடு போயிற்று. ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னார்: "நான் சரியாத்தாம்மா போனேன். வீடுதான் தப்பா இருந்துச்சு."

அந்த வருடம் 64 பெட்டி கட்டினேன். ஒன்றுகூடத் தொலையவில்லை, ஒரு தட்டு உடையவில்லை. அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. சாமானுக்கெல்லாம் யோசித்தேன், அந்த வீட்டில் நடக்கப்போகிற காலுக்கு யோசிக்கவில்லை.

ஆறாவது வீட்டுக்கு முன்பணம் கொடுத்த மறுநாளே அளவு டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். மாமியாரின் அறையில் குளியலறைக் கதவு இடது கைப்பக்கம் வர வேண்டுமென்றால் கட்டிலின் தலைமாடு எந்தச் சுவரில் இருக்க வேண்டும் என்று பார்த்தேன். ஜன்னல் சுவரில் போட்டால்தான் வந்தது. காற்று நேராக அடிக்கும், பரவாயில்லை, திரை போட்டுக்கொள்ளலாம். ஏழு அடி வரவில்லை, ஒன்பது வந்தது. ஏழாவது அடியில் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு நாற்காலி போடுவது என்று குறித்துக்கொண்டேன். தரையோடு ஒட்டிய சின்ன இரவு விளக்கு ஒன்றை லாரி வருவதற்கு முன்பே அங்கே சொருகிவிட்டேன். லாரியிலிருந்து எது இறங்கினாலும் சரி, அந்தக் கட்டில் அந்த இடத்தில் நின்று விரிப்பு போடும்வரை வேறு எதையும் பிரிக்கக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். அன்று ராத்திரி அவர் போய்வந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

இதைத்தான் உங்கள் கட்டுரை விட்டுவிட்டது. முதல் வாரத்தில் செய்ய வேண்டியது கழிப்பது இல்லை, அளப்பது. கட்டம் போட்ட தாளில் ஒரு அடிக்கு ஒரு செண்டிமீட்டர் என்று வைத்துப் புது வீட்டை வரையுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னல் தரையிலிருந்து எத்தனை உயரத்தில் ஆரம்பிக்கிறது, பிளக் எந்தச் சுவரில் இருக்கிறது, இது மூன்றும் அதில் இருக்க வேண்டும். கட்டில், பீரோ, மேஜை எல்லாவற்றையும் அதே அளவில் அட்டையில் வெட்டி அதன்மேல் நகர்த்திப் பாருங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தால் இன்னும் நல்லது. என் மகன் தன் அறையை அரை மணி நேரத்தில் 'செட்' பண்ணிவிட்டு, அப்பாவின் நாற்காலிக்கு வீட்டிலேயே இடம் இல்லை என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான்.

அளக்கும்போது நீளம் அகலத்தோடு நிறுத்திவிடாதீர்கள். எங்களுக்கு நான்காவது வீட்டில் கிடைத்த பாடம் இது. மர அலமாரி 7 அடி உயரம், 2 அடி ஆழம். அறையில் ஃபால்ஸ் சீலிங் 7 அடி 2 அங்குலத்தில் இருந்தது. இரண்டு அங்குலம் இடைவெளி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தோம். கதவு அதைவிடக் குட்டை என்பதால் அலமாரியைப் படுக்கப்போட்டுத்தான் உள்ளே கொண்டுவர முடிந்தது. கொண்டுவந்தாயிற்று. நிமிர்த்தப் பார்த்தால் பாதியில் மேல்முனை கூரையில் போய் இடிக்கிறது. படுத்திருக்கும் அலமாரியை நிமிர்த்தும்போது அதற்குத் தேவைப்படுவது அதன் உயரம் இல்லை, மூலைவிட்டம். ஏழின் வர்க்கம் 49, இரண்டின் வர்க்கம் 4, கூட்டினால் 53, அதன் வர்க்கமூலம் 7.28. அதாவது 7 அடி 3 அங்குலத்துக்கும் கொஞ்சம் மேலே. ஒன்றேகால் அங்குலத்துக்காக அந்த அலமாரி மூன்று நாள் அறை நடுவில் பிணம் மாதிரி படுத்துக் கிடந்தது. நாங்கள் அதைத் தாண்டித் தாண்டி நடந்தோம். கடைசியில் தச்சரைக் கூப்பிட்டு அடிக்கட்டையைக் கழற்றி நிமிர்த்தி, மறுபடி அடித்தோம். பள்ளிக்கூடத்தில் பித்தாகரஸ் தேற்றம் எதற்கு என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். மாடிப்படி திருப்பத்துக்கும் லிஃப்டுக்கும் இதே கணக்குதான்.

அடுத்தது பெட்டியில் பெயர் எழுதுவது. "பெட்டியின் மேல் உள்ளே இருப்பதை எழுதுங்கள்" என்று கட்டுரையில் இருந்தது. மேலே எழுதினால், அந்தப் பெட்டியின்மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்ததும் எழுத்து போய்விடும். பக்கவாட்டில் எழுத வேண்டும், அதுவும் அடுத்தடுத்த இரண்டு பக்கத்தில். அப்போதுதான் எப்படி அடுக்கினாலும் பெரும்பாலும் ஒன்றாவது கண்ணுக்குத் தெரியும். எழுத வேண்டியது பெரிதாக ஒரு எண், அதன்கீழே அந்தப் பெட்டி புது வீட்டில் எந்த அறைக்குப் போக வேண்டும் என்பது. பழைய வீட்டில் எங்கே இருந்தது என்பது யாருக்கும் உதவாது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியில் "கேமரா", "வெள்ளிச் சாமான்" என்று எழுதுவது வழிப்போக்கருக்கு அழைப்பிதழ் வைப்பது மாதிரி.

இந்த எண் எதற்கு என்று வீட்டில் கிண்டல் செய்தார்கள். ஏழாவது தடவை இறக்கி முடித்ததும் வாசலில் நின்று எண்ணைச் சொல்லச் சொல்லி நோட்டில் டிக் அடித்துக்கொண்டே வந்தேன். 58 பெட்டிக்கு 57தான் இருந்தது. 41 இல்லை. நோட்டைப் பார்த்தால் 41: மழைக் கோட்டு, குடை, பழைய ஆல்பம் இரண்டு. பழைய வீட்டுப் பரணின் உள்மூலையில் இருந்தது. சாவி இன்னும் எங்கள் கையில் இருந்ததால் அன்றைக்கே போய் எடுத்து வந்தோம். எண் போடாமல் இருந்திருந்தால் அடுத்த மழைக்குத்தான் தெரிந்திருக்கும்.

புத்தகம் கட்டுவது பற்றி ஒரு வார்த்தை. பெரிய பெட்டி கிடைத்ததும் எல்லோரும் முதலில் புத்தகத்தைத்தான் அதில் போடுகிறார்கள். 80 கிராம் தாளில் 500 கொண்ட ஏ4 கட்டு ஒன்று சரியாக இரண்டரை கிலோ, இடம் அடைப்பது மூன்று லிட்டர் சொச்சம். அதே நெருக்கத்தில் ஒரு கன அடிப் பெட்டியை நிரப்பினால் 22 கிலோவைத் தாண்டிவிடும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991ல் திருத்திப் போட்ட கணக்கில், எல்லாமே சாதகமாக இருந்தால், அதாவது உடம்போடு ஒட்டி, இடுப்பை முறுக்காமல், நல்ல பிடியோடு, எப்போதாவது ஒரு தடவை தூக்கினால், ஒருவர் தூக்கக்கூடிய உச்ச எடை 23 கிலோ. எங்கள் ஸ்டோர் சுவரில் இந்த எண்ணை எழுதி ஒட்டியிருந்தோம். மாடிப்படியில் ஏறிக்கொண்டே ஐம்பதாவது பெட்டியைத் தூக்குகிறவருக்கு இதில் எதுவும் சாதகமாக இல்லை. அதனால் புத்தகத்துக்கு ஒரு கன அடியைவிடச் சின்னப் பெட்டி, தலையணைக்கும் போர்வைக்கும் பெரிய பெட்டி. இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, சுமப்பவர்கள் கீழே போட்டுவிட்டார்கள் என்று திட்டுகிறோம்.

பீங்கான் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல், புத்தக அலமாரியில் புத்தகம் நிற்பதுபோல விளிம்பில் நிற்கவைத்துக் கட்டுங்கள். வண்டி குலுங்கும்போது அடியில் இருக்கும் தட்டின்மேல் மற்ற எல்லாவற்றின் எடையும் விழுவது இதனால் தவிரும். அப்புறம் ஆசிரியர் கோபித்துக்கொள்ளக்கூடாது: தட்டோடு ஒட்டிச் சுற்றுவதற்கு உங்கள் நாளிதழ் சரிப்படாது. என்னிடம் இருந்த வெள்ளைத் தட்டு ஒன்றில் ஒரு தலையங்கத்தின் மூன்று வரி கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பிப் பதிந்திருந்தது, தேய்த்துத்தான் போக்கினேன். முதல் சுற்று எழுதாத வெற்றுத்தாள், அதன்மேல் கசக்கிய நாளிதழ். அந்த இரண்டாவது வேலைக்கு உங்களை மிஞ்ச ஆள் இல்லை.

இயந்திரங்களுக்கு வருவோம். ஃப்ரிட்ஜை முதல் நாளே அணைத்துக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லியிருந்தீர்கள். சரி. ஆனால் பனி கட்டாத வகை ஃப்ரிட்ஜில் பின்பக்கம் கம்ப்ரஸருக்கு மேலே ஒரு தட்டு இருக்கும். உருகும் தண்ணீர் அங்கேதான் வந்து நிற்கும். அதைத் துடைக்க யாருக்கும் ஞாபகம் வராது. எங்களுக்கும் வரவில்லை. லாரியில் அதன் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த மெத்தை பாதி நனைந்து வந்து சேர்ந்தது, அதுவும் யாருடைய மெத்தை என்று பிறகு சண்டை. ஃப்ரிட்ஜ் நிமிர்ந்தே பயணம் செய்ய வேண்டும். வேறு வழியில்லாமல் படுக்கப்போட்டால், கம்ப்ரஸரில் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். அது திரும்பி இறங்கும்வரை, நிமிர்த்தி வைத்துப் பல மணி நேரம் பொறுத்துத்தான் ஸ்விட்சைப் போட வேண்டும். நான் ஒரு நாள் முழுக்க விடுவேன்.

முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்குள் டிரம் சுருள்வில்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வாங்கியபோது அதை அசையாமல் பிடிக்கப் பின்பக்கம் மூன்று நான்கு நீள போல்ட்டுகள் போட்டிருப்பார்கள். மெஷினைப் பொருத்த வந்தவர் அவற்றைக் கழற்றி நம் கையில் கொடுப்பார். நாம் குப்பையில் போடுவோம். அவற்றைப் பத்திரமாக வைத்திருந்து மாறும்போது திருப்பிப் போட வேண்டும், இறங்கியதும் மறக்காமல் கழற்றவும் வேண்டும். போல்ட்டோடு ஓட்டினால் என்ன ஆகும் என்பதை என் கணவர் ஒருமுறை பரிசோதித்துப் பார்த்தார். மெஷின் குளியலறையிலிருந்து கூடம் வரை நடந்து வந்தது.

திருகுகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஸ்டோரில் வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. கட்டிலைக் கழற்றினால் எல்லோரும் திருகுகளை ஒரு பையில் போட்டு, அந்தப் பையை எங்கோ வைத்துவிடுகிறார்கள். போல்ட்டைக் கழற்றிப் பலகையை எடுத்ததும், அதே போல்ட்டை அது இருந்த அதே துளையில் இரண்டு சுற்று மாட்டிவிடுங்கள். எது எங்கே என்ற கேள்வியே வராது. மாட்ட முடியாதவற்றுக்கு மட்டும் பை. அந்தப் பைகள் எல்லாம் ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர், சுத்தியலோடு ஒரே டப்பாவில். அந்த டப்பா லாரியில் ஏறாது, கையோடு வரும். டிவிக்குப் பின்னால் இருக்கும் ஒயர்களைப் பிடுங்குவதற்கு முன்னால் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒரு வருடம் தொடாத பொருள் உங்களுக்குத் தேவையில்லை, கழித்துவிடுங்கள்" என்ற யோசனையோடு எனக்கு நேரடிச் சண்டை. எங்கள் வீட்டில் வருடக்கணக்கில் தொடாத பொருட்கள் என்ன என்று ஒருமுறை உட்கார்ந்து எழுதினேன். துளை போடும் மெஷின், நீள ஏணி, அளவு டேப், மிச்சமான திரைக் கம்பி, நீள எக்ஸ்டென்ஷன் ஒயர், வாஷிங் மெஷின் போல்ட்டு. இவை எல்லாம் போன தடவை வீடு மாறிய வாரத்தில் கடைசியாகத் தொட்டவை. அடுத்து மாறும் வாரத்தில் முதலில் தேடப்போகிறவை. இந்த விதிப்படி நடந்தால் வீடு மாறுவதற்குத் தேவையான அத்தனையையும் வீடு மாறுவதற்காகத் தூக்கிப் போட்டிருப்போம். என் விதி வேறு: புது வீட்டு வரைபடத்தில் இடம் சொல்ல முடியாத பொருள் போகட்டும். தொட்டோமா இல்லையா என்பது வேண்டாத விசாரணை.

லாரி விஷயத்தில் நாங்கள் ஏமாந்தது எங்கள் தப்பும்தான். ஒரு நிறுவனத்தை ஃபோனில் கூப்பிட்டோம். "எத்தனை ரூம்?" என்று கேட்டார்கள், மூன்று என்றோம், வண்டி வந்தது. பரணில் இருந்ததும் பால்கனியில் இருந்ததும் கட்டிலுக்கடியில் இருந்ததும் அந்த மூன்றுக்குள் அடங்கவில்லை. இரண்டாவது நடை ராத்திரி ஒன்பது மணிக்குமேல் வந்தது. இப்போதெல்லாம் அலமாரிக் கதவு, பரண், பால்கனி எல்லாவற்றையும் திறந்து காட்டி வீடியோ எடுத்து அனுப்பிவிட்டுத்தான் வண்டியைப் பேசுகிறேன். காஸ் சிலிண்டர், பெட்ரோல், தின்னர் எதையும் அவர்கள் வண்டியில் ஏற்றக்கூடாது. ஆசிட் பேட்டரி இருந்தால் அதை எப்படிக் கொண்டுபோவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும், சாயக்கூடாத பொருள். பவர் பேங்கைப் பெட்டிக்குள் புதைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, லாரியில் ஏறாமல் நம்மோடு வரும் பை. பத்திரங்கள், சாவிகள், சார்ஜர், டார்ச், ஒரு நாள் மாற்றுத்துணி, சோப்பு, கத்தரி, இரண்டு பல்பு. இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். மருந்து மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய விஷயம். ஒருமுறை மாமியாரின் மாத்திரைகள் 22ஆம் பெட்டிக்குள் போய்விட்டன. எண் இருந்ததால் எடுத்துவிட்டோம், ஆனால் அதன்மேல் ஐந்து பெட்டி இருந்தது. இன்னொரு முறை என் கணவரின் இன்சுலின். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஃப்ரிட்ஜோ முதல் நாளே அணைந்துவிட்டது. ஃபிளாஸ்கில் பனிக்கட்டி போட்டு அதற்குள்ளேயே மருந்தைப் புதைத்து வைத்தார் மனிதர். வந்து பார்த்தால் உறைந்திருந்தது. உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது, தூக்கிப் போட வேண்டியதுதான். பனிக்கட்டிக்கும் மருந்துக்கும் நடுவே ஒரு துண்டைச் சுற்றியிருந்தால் போதும். இப்போது ஒரு வாரத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு, எது எவ்வளவு நாள் வெளியே தாங்கும் என்று எழுதி வாங்கிக்கொள்கிறேன்.

அடுத்த முறை இதே தலைப்பில் கட்டுரை போட்டால், அட்டவணையை லாரி கிளம்புவதோடு நிறுத்தாமல் மறுநாள் காலைவரை நீட்டச் சொல்லுங்கள். முதல் கட்டத்தில் 'அளவு' என்று வரட்டும்.

அடுத்த மாதம் எங்களுக்குப் பத்தாவது வீடு. இரண்டே பேர், அறையும் குறைவு. மாமியார் இப்போது இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்துகொள்வது இப்போது நான். இந்த வீட்டில் எனக்குக் குளியலறை இடது பக்கம். போகப்போகும் வீட்டில் எந்தச் சுவரில் கட்டிலைப் போட்டாலும் வலது பக்கம்தான் வருகிறது, தாளில் எத்தனையோ விதமாக நகர்த்திப் பார்த்துவிட்டேன். அதனால் போன வாரமே இங்கே கட்டிலைத் திருப்பிப் போட்டுவிட்டேன். வலது பக்கம் திரும்பி ஆறு அடி. இரண்டு நாள் முழங்காலில் இடித்துக்கொண்டேன். நேற்று ராத்திரி விளக்கு போடாமல் போய்வந்துவிட்டேன். கணவர்தான் இன்னும் ஜன்னல் பக்கம் கால் நீட்டப் பழகவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டோர் கீப்பர்
(பெயர் வேண்டாம், இப்படியே போட்டால் போதும்)